திருப்பியும் திரும்பாத லாரி

ஒரு லாரி வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தால் டிரைவர் தூங்கிவிட்டான் என்பார்கள். தூங்கவில்லை என்றால் குடித்திருந்தான் என்பார்கள். இரண்டும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டால், கண்மண் தெரியாமல் வந்தான் என்பார்கள். அவன் ஸ்டீரிங்கைத் திருப்பினான், லாரிதான் திரும்பவில்லை என்று ஒரு வாயிலிருந்தாவது வருமா? என் வீட்டுக்காரர் போலீஸிடம் அதைத்தான் சொன்னார். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் சிரித்தாராம். நம்பியது நான் ஒருத்திதான். அதுவும் புருஷன் என்கிற பாசத்தால் இல்லை. லாரி ஏன் திரும்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

லாரி என் அண்ணனுடையது. ஓட்டியவர் என் வீட்டுக்காரர். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கும் லாரி நிற்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு வேலிதான் இருந்தது. அண்ணனை இதில் ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். மூத்தவனை அப்படி எழுதலாமா என்று கேட்கிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

அறுபதுகளின் நடுவில் எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் குச்சிக்கிழங்குதான், மரவள்ளி என்பார்களே, அது. நாமகிரிப்பேட்டையிலிருந்து சேந்தமங்கலம் வரை, கொல்லிமலை அடிவாரக் காடுகளில் பிடுங்கி, ஜவ்வரிசி செய்கிற சேலத்துச் சேகோ மில்களுக்கு ஏற்றுவார்கள். காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை, மானாவாரி நிலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பிடுங்கிய கிழங்கை அன்றைக்கோ மறுநாளோ மில்லில் சேர்த்துவிட வேண்டும். போட்டுவைத்தால் உள்ளே கருத்துவிடும், மில்காரன் காலால் தள்ளிவிட்டுப் போவான். அதனால் மழை பெய்து காடு சகதியாகக் கிடந்தாலும் லாரி உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் புதையும்.

புதைந்த லாரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னால் ஒரு பக்கச் சக்கரம் சேற்றைக் குடைந்துகொண்டு பிசாசு மாதிரி சுற்றும். இன்னொரு பக்கச் சக்கரம் கெட்டித் தரையில் சும்மா நிற்கும். அது ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், வண்டி வெளியே வந்துவிடும். ஆனால் சுற்றாது. கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏனுங்க, சுத்தறது ஒண்ணு, வேடிக்கை பாக்கறது ஒண்ணா? ரெண்டுக்கும் ஒரே இன்ஜின்தான?” என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் பேச்சு கம்மியான மனுஷன், லாரியைப் பற்றி மட்டும் கேட்டால் வாய் திறப்பார். “பிணையல் ஓட்டறதப் பாத்திருக்கறயில்ல?” என்றார்.

பார்க்காமல் என்ன? களத்தில் நெல்தாளைப் பரப்பி, மணி உதிர மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சுற்றி ஓட்டுவார்கள். உள்பக்க மாடு நின்ற இடத்திலேயே காலை மாற்றி வைக்கும். வெளிமாடு அதே நேரத்தில் ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். லாரி வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்களுக்கும் அதே கதைதான் என்றார். வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தூரம் அதிகம், உள்பக்கத்துக்குக் குறைவு. மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் அதன் சக்கரங்கள் அச்சில் தன்பாட்டுக்குச் சுற்றுகின்றன, இழுப்பது மாடு. லாரியிலோ இன்ஜின் பின்சக்கரங்களைப் பிடித்துச் சுற்றித் தள்ளியும் ஆக வேண்டும், ஒன்று கூடவும் ஒன்று குறையவும் சுற்ற விட்டும் ஆக வேண்டும். அந்த இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்வதுதான் பின் அச்சின் நடுவில் பானை போல் உப்பி நிற்கிற டிப்ரன்சல்.

அந்தப் பானைக்குள் பெரிய பல்சக்கரம் ஒன்று இருக்கும், கிரவுன் என்பார்கள். இன்ஜினிலிருந்து வரும் தண்டு அதைத்தான் சுற்றுகிறது. கிரவுனோடு சேர்ந்து ஒரு கூடு சுற்றும். கூட்டுக்குள் சின்னச் சின்னப் பற்சக்கரங்கள், ஸ்டார் என்று பெயர். அவை இரண்டு பக்க அச்சையும் கையைக் கோத்த மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். நேர்ரோட்டில் ஸ்டார் தன்னளவில் சுற்றாது, கூட்டோடு போகும், இரண்டு சக்கரமும் ஒரே வேகம். வளைவு வந்தால் ஸ்டார் தானும் உருளும். உள்சக்கரத்தில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவை வெளிச்சக்கரத்துக்குக் கூட்டிக் கொடுக்கும். ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம். எந்தப் பக்கம் லேசாகச் சுற்ற இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கமே எல்லாச் சுற்றையும் ஓடவிடும். சேற்றில் வழுக்குகிற சக்கரத்துக்கே எல்லாம் போய்விடும், கெட்டித் தரையில் நிற்பதற்கு ஒன்றும் வராது.

இந்தக் கெட்ட குணத்துக்குக் கிழங்கு சீசனில் சில முதலாளிகள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார்கள். பானையைத் திறந்து ஸ்டார் பற்களைக் கூட்டோடு வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவார்கள். அப்புறம் ஸ்டார் உருளாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே சக்கரம் மாதிரி சுற்றும், எந்தச் சேற்றிலிருந்தும் வண்டி ஏறி வந்துவிடும். சீசன் முடிந்ததும் வேறு ஸ்டார் வாங்கி மாற்றிக்கொள்வார்கள். தார்ரோட்டில் வளைவு வந்தால் என்ன ஆகும்? மெல்லப் போனால் டயர் தேயும், கத்தும். விவரம் தெரிந்த டிரைவர் வளைவுக்கு வெகுதூரம் முன்பே வேகத்தைக் குறைத்து, அகலமாக எடுத்துத் திருப்பிக்கொள்வான். தெரிந்தால்தான்.

என் வீட்டுக்காரர் அவருடைய ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். முந்தின நாள்தான் லாரி பொழுதெல்லாம் புதைந்து கிடந்து, ஏர்மாடுகளைக் கட்டி இழுத்தார்கள். அண்ணன் அந்தக் கோபத்தில் இருந்தான். காலையிலேயே வெல்டிங்காரன் கொட்டகைக்கு வந்துவிட்டான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நீலமாக வெளிச்சம் அடித்தது. “என்னண்ணா பண்றீங்க?” என்று கேட்டேன். “ஸ்டார ஒட்டறோம் அம்மிணி. இனி புதையாது, நீ வெளிச்சத்தப் பாக்காத, கண்ணு கெட்டுரும்,” என்றான். இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்ததும் நான்தான். டிரைவரிடம் முதலாளி சொல்லிக்கொள்வார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அது பெண்டாட்டி சொல்ல வேண்டிய சங்கதியா?

அண்ணன் சொல்லவில்லை. சொன்னால் இவர் ஓட்டமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். இதைப் பற்றி முன்பே இருவருக்கும் வாக்குவாதம் நடந்திருக்கிறது. வேறு ஒருவன் லாரியைக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினான், ஆட்கள் கிழங்கு ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் மறுநாள் மத்தியானம் சாவுவீட்டிலிருந்து நேராகக் காட்டுக்கே போய் லாரியை எடுத்தார். வண்டித்தடத்துச் சகதியில் லாரி ஒரு தயக்கமில்லாமல் ஏறி வந்தது. ஆட்கள் நேற்றுச் சரளை கொட்டியிருப்பார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாராம்.

தார்ரோடு ஏறிய பிறகு ஸ்டீரிங் கொஞ்சம் கனமாகத் தெரிந்திருக்கிறது. லோடு முன்பக்கம் தள்ளியிருக்கும் என்று எண்ணிக்கொண்டார். ரோடு அதுவரை நேர்ரோடு. முதல் பெரிய வளைவு ஏரிக்கரையில் வந்தது. தினமும் திருப்புகிற வளைவு, தினமும் திருப்புகிற வேகம். ஸ்டீரிங்கைத் திருப்பினார். முன்சக்கரங்கள் திரும்பின, டயரெல்லாம் காட்டுச் சேறு. பின்னால் இரண்டு சக்கரமும் ஒரே சுற்றாகச் சுற்றி, முழு லோடையும் நேராகவே தள்ளின. லாரி கரையைவிட்டு இறங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. கிழங்கு மேல் உட்கார்ந்து வந்த ஏற்றுக்கூலி ஆட்களில் ஒருவர் அடியில் சிக்கிவிட்டார். அவரை எடுக்கும்போதே உயிரில்லை. அன்றைக்குக் காலையில், இவர் வந்து சேரும் முன்னால், கிழங்கு ஏற்றும்போது என் வீட்டுக்காரரைப் பற்றித் தமாஷாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாராம் அந்த மனுஷன்.

என் வீட்டுக்காரருக்கு விலா எலும்பில் அடி. ஜாமீனில் வந்த அன்றைக்கு முதலில் சாப்பிட மறுத்துவிட்டார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “திருப்புனேன் புள்ள. நெசமாத் திருப்புனேன். வண்டி வரல,” என்றார். “ஸ்டார ஒட்டியிருந்துச்சு, எப்படி வரும்? அண்ணன் சொல்லலையா?” என்று கேட்டேன். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஒரு மனுஷனைக் கிணற்றுக்குள்ளிருந்து மேலே தூக்கினால் அப்படித்தான் பார்ப்பான். அப்புறம்தான் ஒரு தட்டுச் சோறு தின்றார். ஜெயிலுக்குப் போவதைப் பற்றி அவருக்குப் பயம் இல்லை. தன் கையால் ஒரு உயிர் போனதா, இல்லையா என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

நான் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். “போலீசுல உள்ளதச் சொல்லிருங்ணா,” என்றேன். அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “சொன்னா எனக்கு ஜெயில், லாரியும் போயிரும். ரெண்டு குடும்பமும் எதத் திங்கறது? மாப்ளைக்குக் கொஞ்ச மாசந்தான் போடுவாங்க, வக்கீல் சொல்லிட்டாரு,” என்றான். அம்மா உள்ளேயிருந்து வந்தாள். “உனக்கு இன்னும் எழுதிங்கள் செய்யல சாமி. அண்ணன அத்துக்கிட்டா யாரு செய்வா?” என்றாள். எழுதிங்கள் என்பது கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் செய்கிற சீர். அது ஆகாதவள் எங்கள் ஜனத்தில் எந்தக் கல்யாணத்திலும் முன்னால் நின்று ஒரு சடங்கு செய்ய முடியாது, ஓரமாகத்தான் நிற்க வேண்டும். “நிக்கறேன் போ,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்றுவரை ஓரமாகத்தான் நிற்கிறேன், அதற்கொன்றும் நான் செத்துப்போகவில்லை.

வெல்டிங்காரனைத் தேடினேன். கோயமுத்தூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்றார்கள். சரி, அவன் வாய் எதற்கு, லாரியே சொல்லுமே என்று இருந்தேன். சேலத்திலிருந்து வண்டிகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வருவதற்கு நாளாகியது. அதற்குள் லாரியைத் தூக்கி நிமிர்த்திப் போலீஸ் ஸ்டேஷன் பக்கத்து மைதானத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று நாங்கள் போனோம். அண்ணனும் இருந்தான், எங்கள் பக்கம் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டர் லாரியை மைதானத்திலேயே ஓட்டி பிரேக் பார்த்தார், ஸ்டீரிங் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்று இறங்கினார். நான் முன்னால் போய், “ஐயா, இதோட ஸ்டார ஒட்டியிருக்குதுங்க. அதனாலதான் திரும்பல. என்ற கண்ணால பாத்தனுங்க,” என்றேன். பொம்பளை பேசுகிறாளே என்று போலீஸ்காரர்கள் நெளிந்தார்கள். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன், எரிந்து விழவில்லை. “அதுக்குத் திறக்கவே வேண்டாம்மா. தூக்கி வெச்சு ஒரு சக்கரத்தைத் தள்ளினா தெரிஞ்சுபோகும்,” என்றார்.

பின் அச்சின் இரண்டு பக்கமும் ஜாக்கி கொடுத்துச் சக்கரங்களைத் தரையைவிட்டுத் தூக்கினார்கள். இன்ஸ்பெக்டர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கியரைப் போடச் சொன்னார். கியர் விழுந்திருந்தால் தண்டு அசையாது, கிரவுனும் கூடும் அசையாது. ஸ்டார் ஒட்டியிருந்தால் எவ்வளவு தள்ளினாலும் சக்கரமும் அசையாது. ஒட்டாமல் இருந்தால் ஸ்டார் நின்ற இடத்தில் உருளும், ஒரு பக்கச் சக்கரத்தை முன்னால் தள்ளினால் மறுபக்கச் சக்கரம் பின்னால் சுற்றும். இதை அவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “அவரையே தள்ளச் சொல்லுங்க,” என்று நான்தான் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் விலாவில் கட்டோடு போய் இடதுபக்கச் சக்கரத்தின் மேல் இரண்டு கையையும் வைத்தார். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கல்லைத் தள்ளுகிற பலத்தோடு தள்ளினார். சக்கரம் லேசாகச் சுற்றிக்கொண்டு போனது, அவர் முன்னால் தடுமாறினார். அந்தப் பக்கச் சக்கரம் பின்னால் சுற்றியது. ஒரு நல்ல லாரியில் எப்படிச் சுற்ற வேண்டுமோ அப்படியே, சத்தமில்லாமல் சுற்றியது.

குனிந்து பார்த்தேன். லாரி முழுக்க ஏரிச்சேறு காய்ந்து ஒட்டியிருக்க, அந்தப் பானையின் நட்டு போல்ட்டு மட்டும் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. “பாருங்க, மாத்திப்போட்டாங்க,” என்று கத்தினேன். அண்ணன் அசையாமல் நின்றான். ஸ்டேஷன்காரர் விளக்கம் சொன்னார்: லாரியைக் கட்டி இழுக்க அச்சைக் கழற்ற வேண்டியிருந்தது, பிரேக் சோதனைக்கு ஓட்டுகிற நிலையில் வைக்க வேண்டும் என்று உத்தரவு, முதலாளி ஆள் வைத்து முறைப்படி அனுமதி வாங்கித்தான் செய்தார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, “நான் கண்டதைத்தான் எழுத முடியும்மா,” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் மறுபடியும் போய் அந்தச் சக்கரத்தைத் தள்ளினார். மறுபடியும் அது சுற்றியது. யாரோ வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை தள்ளிக்கொண்டே இருந்தார்.

தண்டனை வந்தது, சேலம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். வந்த பிறகு ஸ்டீரிங்கைத் தொடவில்லை. ஒரு சேகோ மில்லில் மாவு காயப்போடுகிற வேலைக்குப் போனார். செத்துப்போனவரின் ஊர்ப் பக்கம் போகிற பாதையை விட்டுச் சுற்றிப் போவார். நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஒட்டியிருந்தது, என் கண்ணால் பார்த்தேன், வெளிச்சம் இன்னும் கண்ணில் நிற்கிறது, அவன் மாற்றிவிட்டான் என்று. முதலில் கேட்டுக்கொண்டிருந்தார். போகப் போக, “சரி சாமி,” என்று சொல்ல ஆரம்பித்தார். அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற குரல் அது. நான் அவரைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சண்டை போட்டேன், பட்டினி கிடந்தேன். “உன்ற மனசு எனக்குத் தெரியாதா?” என்பார். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

சில வருஷம் கழித்து அம்மா செத்த வீட்டில் அண்ணன் என்னருகில் வந்து உட்கார்ந்தான். ஆள் பாதியாகியிருந்தான். “மாத்துனேன் அம்மிணி. மொத நாளே ஆள் வெச்சு மாத்திப்போட்டேன்,” என்றான். “எனக்கு எதுக்குச் சொல்ற? எனக்குத் தெரியும். அவர்கிட்டச் சொல்லு. கோர்ட்டு வேண்டாம், ஊரு வேண்டாம். அவருக்கு மட்டும் சொல்லு,” என்றேன். காரியம் முடிந்த மறுநாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அத்தனை வருஷத்தில் முதல்தடவை.

என் வீட்டுக்காரர் எழுந்து பாயை விரித்துப் போட்டார். அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வெல்டிங் வைத்தது, சொல்லாமல் விட்டது, லாரி சாய்ந்து கிடந்தபோதே பானையைத் திறந்து ஸ்டாரை மாற்றியது, வெல்டிங்காரனை அனுப்பியது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து அழுதான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றிலிருந்து தூக்கிய அந்தப் பார்வை இப்போது வரும், இதோ வரும் என்று பார்த்தேன்.

அவர் அண்ணனின் தோளில் கையை வைத்தார்.

“இவ சொல்லச் சொன்னாளா மச்சான்?” என்றார்.

அண்ணன் இல்லை என்று தலையாட்டினான். ஆமாம் என்றும் ஆட்டினான்.

“பாவம், நெம்ப வெசனப்படறா. அதுக்காக நீங்க எதுக்குங்க பழியச் சொமக்கணும்? அந்தச் சக்கரத்தத் தள்ளிப் பாத்தது நாந்தானுங்களே, சுத்துச்சுங்களே,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “மச்சானுக்கு எல போடு புள்ள,” என்றார்.

போட்டேன்.